ஏழாவது நிமிடம்

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
பன்னிரண்டாம் மாடி.
என் முதல் நேர்காணலின் முதல் நாற்பது விநாடிகள்
என் மூச்சு மட்டும்தான்.

தெமட்டகொடையில்
ரயில் பெட்டிகள் நின்று உறங்கும் தண்டவாளங்களுக்கு மேலே,
தோட்டத்தை உடைத்துவிட்டுக் கொடுத்த வீடு.
கதவைத் திறந்த ரிஸ்மியா
ஒரு கையில் இடியப்ப உரலோடு
'முதல்ல தண்ணி குடிங்க மிஸ்' என்றாள்.
மிஸ்.
என்னைவிட ஆறேழு வயது மூத்தவள்.
கழுத்தில் தொங்கிய மாணவர் அட்டையை
மெல்லச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன்.

கொப்பியில் பதினொரு கேள்விகள்,
பச்சைப் பேனாவால், இடம் விட்டு.
ஒவ்வொரு பதிலுக்கும் நான்கு வரி
நானே ஒதுக்கியிருந்தேன்.

பழைய இடத்தை இழந்தபோது என்ன உணர்ந்தீர்கள்?

'உணர்றதா?
உடுப்புக் காயப்போட இடமில்ல மிஸ், அத எழுதுங்க.
போன கிழம மகன்ட ஸ்கூல் சேர்ட்
காத்துல போய்
பக்கத்து புளொக் ஏழாம் மாடியில தொங்கிச்சு.
அந்த வீட்டு நோனா
மூணு நாளைக்குப் பொறகு
அயர்ன் பண்ணிக் கொண்டுவந்து தந்தா.
அதையும் எழுதுங்க.'

நான் எழுதவில்லை.
எனக்கு வேண்டியிருந்தது கண்ணீர்.
இடம்பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றிச் செய்கிறேன் என்று
வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

நடுவில் பக்கத்து வீட்டு ட்ரில் மெஷின்.
நடுவில் யாரோ வந்து
ஐம்பது இடியப்பம், ஆறு மணிக்கு, என்றார்கள்.
நடுவில் மகன்
போனின் சிவப்புப் புள்ளியைத் தொடப்போய்
அடி வாங்கினான்.

வெளிக்கிடும்போது
'என்ட பேரப் போட்றாதீங்க' என்றாள்.
(அதனால்தான் ரிஸ்மியா. அவள் பெயர் வேறு.)
படியிறங்கினேன்.
ஒன்பதாம் மாடியில் நினைத்தேன்,
நன்றாகத்தான் போயிற்று.

இரவு, வெள்ளவத்தை அறை,
காதில் ஹெட்போன்.
என் குரல் இவ்வளவு பெரிதா.
ம். ம். சரி. ம்.
பஸ் நிற்க முன்னமே ஜன்னலால் கை நீட்டி
சீட்டில் எறியும் கைக்குட்டைகள் போல
அவள் சொற்களின் மேல் என் 'ம்'கள்.

ஏழாவது நிமிடம், பதினெட்டாவது விநாடி.
ட்ரில் அடங்கிவிட்டது.
அவள் குரல் இறங்குகிறது.
'சாமான் ஏத்தின அண்டைக்கு
நான் திரும்பி உள்ளுக்குப் போனேன் மிஸ்.
போய்ப் பாத்தா, செவருல...'

'அடுத்த கேள்வி' என்கிறேன் நான்.
'உங்கள் மாத வருமானம்?'

திரும்பப் போட்டேன். திரும்ப.
சுவரில் என்ன?
பிள்ளையின் உயரம் குறித்த கோடுகளா,
நாட்காட்டி இருந்த வெள்ளைச் சதுரமா,
வெறும் ஆணியா?
ஒவ்வொரு தடவையும் சரியாக அதே இடத்தில்
அதே மரியாதையோடு குறுக்கிடுகிறேன்.
பேனா தாளில் உரசுவதுகூடக் கேட்கிறது,
வருமானத்தைக் குறித்துக்கொள்ள.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன்.
லிஃப்ட் வேலை செய்தது.
'செவருலயா?'
மாவு ஒட்டிய விரலால் நெற்றியைச் சொறிந்தாள்.
'என்னத்தச் சொல்ல வந்தேனோ.'
சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி
'முக்கியமா மிஸ்?' என்றாள்.

மறந்துதான் போனதா,
என்னிடம் சொல்ல விருப்பமில்லையா,
அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
சேர்ட்டை அயர்ன் பண்ணித் தந்த பெண்ணின்
பெயர் என்னவென்று கேட்டேன்.
இருபது நிமிடம் பேசினாள்.
நான் ஒரு 'ம்' சொல்லவில்லை.

கட்டுரையில் அந்த வசனத்தை
அப்படியே வைத்தேன்.
'போய்ப் பாத்தா, செவருல...'
மூன்று புள்ளிகளோடு.

விரிவுரையாளர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
வசனத்தை முடிக்கவும்.